தெரியாது என்று சொன்ன டொக்டர்

போன செவ்வாய்க்கிழமை டொக்டர் தர்ஷிகா போன் செய்தார்.

"அன்ரி, வியாழக்கிழமை பத்து மணிக்கு வர ஏலுமோ? நளாயினி அக்காவுக்கு ஒரு விஷயம் சொல்லோணும். என்ர தமிழ் காணாது."

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? குரலில் ஒன்றும் தெரியவில்லை. டொக்டர்களுக்கு இந்தக் குரலை எங்கேதான் பழக்குகிறார்களோ...

சுவிஸின் லோசானில் நான் ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்க்கப் போகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். அங்கே காதில் விழுந்ததை இங்கே எழுதுவதில்லை என்பதும் தெரியும். இந்த வாரம் எழுதுகிறேன் — எழுதச் சொன்னதே நளாயினிதான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு நளாயினியை முதன்முதலில் பார்த்தேன். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. வயது முப்பத்தாறு. பதினொரு வயதில் ஒரு மகள். நளாயினியின் அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் வந்து நாற்பத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். அக்காவுக்கும் அதே நோய். முப்பத்தொன்பதில் அவரும் போய்விட்டார். அடுத்தது யார் என்று நளாயினியிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. அவரே முடிவு செய்து வைத்திருந்தார்.

குடும்ப டொக்டர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பரம்பரையாக வரும் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இளம் டொக்டர் ஒருவர் முடிவைச் சொல்லக் காத்திருந்தார். அவர்தான் தர்ஷிகா. வின்டர்தூரில் பிறந்து ஜெர்மன் மொழியில் படித்து, வேலைக்காக பிரெஞ்சுக்கு மாறியவர். தமிழ் புரியும், வீட்டில் கதைக்கிற அளவுக்குப் பேசவும் வரும். ஆனால் மரபணு, சூலகம் என்றெல்லாம் வீட்டில் யார் கதைக்கிறார்கள்? அதனால்தான் நான்.

தர்ஷிகா பிரெஞ்சில் சொன்னார். நளாயினியின் மரபணு ஒன்றில் ஒரு மாற்றம் இருக்கிறது. இப்படியான மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பட்டியல்களில் இது இல்லை. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் இரத்தத்தை வைத்துச் செய்தவை. தமிழருடையது மிகக் குறைவு. ஆகவே இந்த மாற்றம் புற்றுநோயைக் கொண்டுவருமா, வராதா என்பது எனக்குத் தெரியாது.

கடைசி வசனத்துக்கு வரும்வரை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். அப்போது நளாயினியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். வாய் தானாகச் சொல்லியது: "பயப்பிட ஒண்டும் இல்லையாம், பிள்ளை."

தர்ஷிகா பேனாவைக் கீழே வைத்தார். "அன்ரி, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

எனக்கு முகம் சுட்டது. இத்தனை வருட வேலையில் அப்படி ஒருவரிடமும் வாங்கிக் கட்டியதில்லை. அவர் என்னை விட்டுவிட்டு நளாயினியின் பக்கம் திரும்பினார். தன்னிடம் இருந்த தமிழிலேயே சொன்னார்.

"அக்கா, எனக்குத் தெரியாது. ஆனா தேடுவன்."

தெரியாவிட்டால் மார்பு, சூலகம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கோ என்றார் நளாயினி. அழவில்லை. ஏதோ பல்லைப் பிடுங்கச் சொல்வதுபோலச் சொன்னார். அர்த்தம் தெரியாத ஒரு மாற்றத்துக்காக நல்ல உறுப்புகளை வெட்டுவது சரியில்லை, வருடம் தவறாமல் ஸ்கேன் செய்வோம் என்று தர்ஷிகா ஒரு மணித்தியாலம் விளக்கினார். ஒரு வழியாக நளாயினி ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு ஸ்கேன். முடிவு வரும்வரை நளாயினிக்குச் சோறு இறங்காது. முடிவு நல்லதாக வந்தாலும் இரண்டு நாள்தான் நிம்மதி. மூன்றாம் நாள் அடுத்த வருடத்தை நினைக்கத் தொடங்கிவிடுவார்.

தர்ஷிகா தேடத் தொடங்கினார். எழுபது வயதைத் தாண்டியும் புற்றுநோய் வராத தமிழர்களின் இரத்தம் வேண்டும். அவர்களிலும் பலருக்கு இதே மாற்றம் இருந்தால், அது ஆபத்தில்லாதது என்று சொல்லலாம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது...

கோவில், தேவாலயம், விளையாட்டுப் போட்டி என்று நானும் அவருடன் அலைந்தேன். நான்கு ஊசி குத்தினால் கூடப் பொறுத்துக்கொள்ளும் சனம், 'பரம்பரை' என்ற சொல்லைக் கேட்டதும் கையை மடக்கிக்கொண்டது. ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். கான்சருக்கு இரத்தம் குடுத்தவையாம் எண்டு ஒரு கதை வெளிய போனா...?"

அவரிடம் கோபிக்க எனக்கு என்ன தகுதி? என் மகளின் கல்யாணம் முடியும்வரை எங்கள் வீட்டிலும் யாருடைய வியாதியும் வாசற்படி தாண்டியதில்லை. பெயர் எங்கும் வராது என்று தர்ஷிகா எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அந்த மனிதர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

தர்ஷிகாவுடன் படித்தவர்கள் பெயர் தெரிந்த மரபணுக்களை ஆராய்ந்து பேராசிரியர் ஆனார்கள். அவருக்கோ வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். பாசலில் மருந்துக் கம்பெனி ஒன்று நல்ல வேலை தருவதாகக் கூப்பிட்டது. நேர்முகத்துக்கும் போனார். திரும்பி வந்து, அங்கே போனால் சேர்த்த இரத்தமெல்லாம் பெட்டியில் தூங்கும் என்றார். போகவில்லை. கொரோனா காலத்தில் லேப் மாதக்கணக்காக முடங்கியது. அப்போதும் டொராண்டோ, லண்டன், சென்னை என்று தமிழர்கள் இருக்கும் ஊர்களின் லேப்களுக்கெல்லாம் மெயில் எழுதிக்கொண்டே இருந்தார்.

எனக்கு எழுபது ஆன அன்று வந்த முதல் வாழ்த்தும் அவரிடமிருந்துதான். "ஹாப்பி பேர்த்டே அன்ரி. இனி உங்கட இரத்தமும் எடுக்கலாம்."

வியாழக்கிழமை பத்து மணி. நளாயினி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். குளிருக்குப் போட்டுவந்த ஜாக்கெட்டைக் கூடக் கழற்றவில்லை. மகளுக்கு இப்போது இருபத்துமூன்று. அவளையும் பரிசோதனைக்குக் கூப்பிடப் போகிறார்களோ என்று மட்டும் என்னிடம் மெல்லக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

தர்ஷிகா வந்தார். நான் நோட்டைத் திறந்தேன். அவர் பிரெஞ்சில் தொடங்கவே இல்லை.

"அக்கா, அந்த மாற்றத்தால கான்சர் வராது. எங்கட சனத்தில கனபேருக்கு இருக்கு. எழுபது, எண்பது வயசிலயும் சுகமா இருக்கினம்."

நளாயினி என்னைப் பார்த்தார். தமிழில் சொன்னதைத் தமிழில் சொல்லும்படி பார்த்தார். நானும் சொன்னேன். வராதாம். திரும்பவும் பார்த்தார். திரும்பவும் சொன்னேன்.

"அப்ப என்ர பிள்ளைக்கு?"

"மகளுக்கு இந்த டெஸ்ட் தேவையில்லை அக்கா."

அப்போதுதான் நளாயினி ஜாக்கெட்டைக் கழற்றினார். மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அப்படியென்றால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஏன் வந்தது என்று கேட்டார். அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்றார் தர்ஷிகா. குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால் ஸ்கேனை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். நளாயினி தலையாட்டினார். அந்த ஸ்கேன் இனி அவருக்கு ஒரு பயமாக இருக்காது என்று நினைக்கிறேன். பல்லு டொக்டரிடம் போவதுபோல ஒரு எரிச்சலாக இருக்கலாம்... இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுந்து போகும்போது நளாயினி தர்ஷிகாவின் கையைப் பிடித்தார். நன்றி என்று சொல்வார் என்று பார்த்தேன்.

"அண்டைக்கு நீங்கள் பொய் சொல்லியிருந்தா, இண்டைக்குச் சொன்னதை நம்பியிருக்கமாட்டன்."

நான் என் கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினேன். ஆறுதலுக்காக நாங்கள் சொல்லும் சின்னப் பொய்கள், பின்னால் வரும் உண்மைகளின் பெறுமதியைத்தான் குறைக்கின்றன. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு எழுபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

நளாயினி லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று மகளுக்குப் போன் செய்தார். இரண்டு வசனம். அவ்வளவுதான். பிறகு, சாப்பிடலாமா என்று கேட்டார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கன்டீனில் சமையல் முடிந்திருக்கவில்லை. காத்திருந்து, உருளைக்கிழங்கும் லீக்ஸும் சேர்த்து அவித்ததை ஒரு பெரிய பிளேட்டில் வாங்கினார். வழித்துச் சாப்பிட்டார். முடித்துவிட்டு என் பிளேட்டில் இருந்த பாண் துண்டைப் பார்த்தார். தள்ளிவிட்டேன். அதையும் சாப்பிட்டார்.

நிம்மதி வந்தால் மனிதருக்கு முதலில் பசிக்கும் போல.