எச்சில் டாக்டர்

மருத்துவமனையின் மருந்து கவுன்ட்டருக்குப் பின்னால் அவள் ஆறேழு வருஷம் நின்றிருக்கிறாள். பெரிய கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்ட ஓட்டை. அதன் வழியாகச் சீட்டு வரும், மாத்திரை போகும். சில நாள் கழித்து அதே ஓட்டையில் ஒரு முகம் குனிந்து பார்க்கும்.

"ஏம்மா, இந்த மாத்திரை எனக்குக் கேக்கவே இல்லையே?"

வரிசையில் அடுத்து நிற்பவர் சும்மா இருக்க மாட்டார். "எனக்கு நல்லாக் கேட்டுச்சே!" என்பார். இருவரும் முறைத்துக்கொள்வார்கள், ஏதோ ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டது போல. அவள் "டாக்டரைப் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொள்வாள். வேலை பிடித்துத்தான் இருந்தது. சித்தி மட்டும் பஸ் படியில் வழுக்கி விழாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கேயே நின்றிருப்பாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. குடும்பத்தில் அவளுக்கு 'அலட்டல்' என்று பேர். எறும்பு கடித்தால் ஆம்புலன்ஸ் கேட்கிற ரகம் என்று மாமாக்கள் கேலி செய்வார்கள். ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதற்கு ஒரு வாரம் அழுதாள். அந்தக் கதையை வீட்டில் சொல்லாத ஆள் கிடையாது. அதனால் முட்டியில் ஆபரேஷன் முடிந்த மறுநாள் அதே மருத்துவமனையின் மாடி வார்டில் சித்தி கத்தியபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நர்ஸும் பொறுமை இழந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் கேக்குற மாத்திரை, உங்களுக்கு மட்டும் கேக்காதாம்மா?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலே ஏறிப் பார்க்கப் போனவள் கட்டிலருகே நின்றாள். சித்தியின் போன் தலையணைக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய நாத்தனார் கூப்பிடுகிறாள். சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாத்தனார் வீட்டு வம்பை வேண்டாம் என்று விட்ட சித்தியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது நடிப்பில்லை.

கட்டிலுக்கு மறுபக்கம் இன்னொரு வேடிக்கை. சித்தப்பா நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தி இது, இவர் இந்தத் தூக்கம் தூங்குறார்?"

"இடுப்பு வலிக்குதுன்னு என் மாத்திரையில பாதியை ஒடிச்சுப் போட்டார்டி. அப்ப சாஞ்ச மனுஷன்." சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நான் முழுசா ரெண்டு போட்டிருக்கேன். எனக்குத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு."

ஒரே அட்டை. பாதி மாத்திரைக்கு ஒருவர் கட்டையாகக் கிடக்கிறார், முழு மாத்திரைக்கு இன்னொருவர் துடிக்கிறார். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே அவளே எடுத்துக் கொடுத்ததுதான். முதலில் சித்தப்பாவை உலுக்கி எழுப்பி, இனி அடுத்தவர் மாத்திரையைத் தொடக்கூடாது என்று ஒரு சத்தம் போட்டாள். பிறகு நேராக எலும்பு டாக்டரின் அறைக்குப் போனாள்.

அவர் கை கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார். "உடம்புக்கு உடம்பு வித்தியாசம்மா. வேற மருந்து எழுதித் தரேன்."

"என்ன வித்தியாசம் டாக்டர்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் எலும்பை அறுத்துக்கிட்டு இருக்கேன்?" என்று அவர் சிரித்தார். நல்ல மனுஷர். சொன்னபடி மருந்தை மாற்றினார். சாயங்காலம் அவள் வேலை முடித்து எட்டிப் பார்த்தபோது சித்தி சாய்ந்து உட்கார்ந்து போனில், "அப்புறம் அவ என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திக்கு வலி போய்விட்டது. அவளுக்குத்தான் தலைக்குள் ஒன்று புகுந்துகொண்டது. என்ன வித்தியாசம்? கவுன்ட்டரில் ஓட்டை வழியாகக் குனிகிற ஒவ்வொரு முகமும் இப்போது அதையே கேட்பது போல இருந்தது. வீட்டில் அவள் புலம்பாத நாளில்லை. கணவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ போய்ப் படிச்சுடேன். எனக்கும் காது கொஞ்சம் ஓய்வெடுக்கும்."

"இந்த வயசுலயா?"

"வயசு ஏறுறதை நான் நிறுத்த முடியாது. லிஃப்டுன்னா நிறுத்தலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்தியலில் முதுகலை ஏற்கெனவே முடித்திருந்ததால், மறு வருஷமே அந்த மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். வழிகாட்டிப் பேராசிரியை அவளைவிட நான்கு வயது சின்னவர். முதல் நாளே இருவரும் ஒருவரையொருவர் 'மேடம்' என்று கூப்பிட்டு, எதற்கென்றே தெரியாமல் சிரித்துவிட்டார்கள்.

ஆய்வுக்கூடம் தரைக்குக் கீழே, மருத்துவமனைச் சலவை அறைக்கு அடுத்தது. சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும்; நீராவியும் சோப்பும் கலந்த வாசனை. மூலையில் ஆளுயர உறைபெட்டி, மேஜையில் மரபணுவைப் பிரதி எடுக்கும் சின்ன இயந்திரம். அங்கேதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. சித்திக்குக் கொடுத்த அந்த மாத்திரை தானாக வலியைக் குறைப்பதில்லை. கல்லீரல் அதைப் பக்குவம் செய்து வேறொன்றாக மாற்ற வேண்டும். அந்த வேறொன்றுதான் வலியைத் தணிக்கும். மாற்றும் வேலைக்குக் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியை உண்டாக்கும் மரபணு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. சிலருக்கு இரண்டுமே பழுது. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அது வயிற்றுக்குள் போன கல்தான். சிலருக்கு இரண்டுக்கு மேல் கூடுதல் பிரதிகள். பாதி மாத்திரையே அவர்களைச் சாய்த்துவிடும், அளவு மீறினால் ஆபத்தும்கூட. புத்தகத்தில் இதையெல்லாம் எவரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் மேலே வார்டில் ஒருவரும் அதைப் பார்த்து மருந்து கொடுக்கவில்லை. நம் ஊரில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்றும் கணக்கில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்று அவள் முடிவு செய்தாள்.

பெரியப்பாவின் பிறந்தநாளுக்குக் குடும்பமே கூடியிருந்தது. அவள் பை நிறையப் பிளாஸ்டிக் குழாய்களோடு போய் இறங்கினாள்.

"எல்லாரும் இதுல கொஞ்சம் துப்பணும்."

கூடத்தில் ஒரே சிரிப்பு. "சாப்பிடறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றார் ஒருவர். "சாப்பாடு எப்படின்னு பாத்துட்டுத் துப்பலாம்" என்றார் இன்னொருவர். மாமாக்கள் வரிசையாக முற்றத்தில் நின்று, யார் முதலில் கோடு வரை நிரப்புவது என்று பந்தயம் கட்டினார்கள். அன்றைக்கு விழுந்த பேர்தான் 'எச்சில் டாக்டர்'. பட்டம் வாங்குவதற்கு முன்பே டாக்டர் ஆகிவிட்டாள்.

சித்தி மட்டும் குழாயை வாங்கவில்லை.

"எதுக்குடி? நான் அலட்டுறேன்னு எழுதி வைக்கவா?"

"எனக்கே தெரியாது சித்தி, என்ன வரும்னு. பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். உனக்குத் தெரியணும்னா மட்டும் சொல்றேன். வேண்டாம்னா வேண்டாம்."

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் குழாயைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று சலவை அறை இயந்திரங்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. திரையில் சித்தியின் எண்ணுக்கு எதிரே பார்த்தாள். இரண்டு பிரதியும் பழுது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நம்பிக்கை வராமல் மாதிரியை முதலிலிருந்து ஓட்டினாள். அதுவேதான் வந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்; கீழே சிக்னல் கிடைக்காது.

"சித்தி, நீ அலட்டல் இல்ல. அந்த மாத்திரை உனக்குக் கேக்கவே கேக்காது. பல்லு பிடுங்கினப்போ குடுத்ததும் அதே மருந்துதான். உனக்கு நிஜமாவே வலிச்சிருக்கு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இதை எழுதிக் குடுப்பியா?"

"எதுக்கு சித்தி?"

"சீலும் போட்டுக் குடு. பத்துக் காப்பி வேணும். உன் மாமனுங்க ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் குடுக்கப் போறேன்."

சொன்னதைச் செய்தாள். பெரிய மாமா வாசலிலேயே அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "அன்னைக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்குத் தான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டதாகச் சித்தி பிற்பாடு சொன்னாள். சித்தப்பாவுக்குக் கூடுதல் பிரதி இருந்தது. இருமல் மருந்துகூட டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது என்று அவள் எச்சரித்தபோது, அவர் காதில் விழுந்தது ஒரு வார்த்தைதான். "கேட்டியா? எனக்கு எக்ஸ்ட்ரா!" என்று மனைவியிடம் மார்பைத் தட்டிக்கொண்டார்.

குடும்பத்தை வைத்து ஆராய்ச்சி நடக்காது. அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களைக் கேட்டு, சம்மதம் வாங்கி, எச்சில் எடுத்து, வலி எவ்வளவு என்று வேளைக்கு வேளை விசாரித்து எழுத வேண்டும். வருஷங்கள் ஓடின. எல்லாம் அவள் நினைத்தபடி வரவும் இல்லை. ஒரு தச்சருக்கு மரபணு அம்சமாக இருந்தது, வலி மட்டும் குறையவில்லை. அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால் கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். தளர்த்தியதும் அவர் தூங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் மரபணுதான் காரணம் என்று எண்ணிவிடாதபடி அந்தத் தச்சர் அவளைக் காப்பாற்றினார் என்றே அவள் இன்றும் மாணவர்களிடம் சொல்கிறாள்.

நடுவில் ஒரு விடுமுறை நாள் காலை உறைபெட்டி நின்றுபோனது. உள்ளே அத்தனை பேரின் மாதிரிகள். அவள் கூப்பிட்ட கையோடு கணவர் கருவிப் பையோடு வந்து, பின்பக்கம் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மேல கீழ போறதுன்னா சரி பண்ணுவேன். இது நின்ன இடத்துலயே செத்திருக்கு."

ஆனால் அவருக்கு ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவரைத் தெரியும். அங்கே சரக்கு லிஃப்டைப் பழுது பார்ப்பவர் இவர்தான். டப்பாக்களைச் சீல் வைத்து, பைக்குள் பை போட்டு, வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதலாளி தொப்பையும் துண்டுமாக வந்து நின்றார்.

"உள்ள என்ன, மீனா?"

"இல்லைங்க. எச்சில்."

"எச்சிலா? யாரோடது?"

"ஊர்ல பாதிப் பேரோடது."

அவர் இரண்டடி பின்னால் போனார். குளிரறையில் பல் தந்தியடிக்க அவள் விஷயத்தை விளக்கினாள். அவர் கேட்கக் கேட்க முன்னால் வந்தார். கடைசியில் ஐஸ் எதுவும் வைக்காத தனி மூலையாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, "அப்ப என்னோடதையும் எடுத்துக்கோங்களேன்" என்றார்.

"உங்களுக்கு ஆபரேஷன் ஏதாவது இருக்கா?"

"இல்லையே."

"அப்ப வேண்டாங்க."

மனுஷர் முகம் வாடிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் கணவனும் மனைவியும் வேனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு மாதிரிகூடக் கெடவில்லை.

ஆய்வின் கடைசிப் பகுதியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான மருந்து. மறுபாதிக்கு மரபணுவைப் பார்த்துத் தேர்ந்த மருந்து. பார்த்துக் கொடுத்த பக்கத்தில் வலியில் விழித்துக் கிடந்தவர்கள் குறைவு, சீக்கிரம் எழுந்து நடந்தவர்கள் அதிகம். அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக் குழுவின் முன்னால் போய் நின்றாள். மயக்க மருந்து டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"நூத்துல சில பேருக்காக எல்லாரையும் துப்ப வைக்கணுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜையின் கோடியிலிருந்து எலும்பு டாக்டர் பேசினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"சார், உடம்புக்கு உடம்பு வித்தியாசம்னு சொல்லியே நான் காலத்தை ஓட்டிட்டேன். இவங்க என்ன வித்தியாசம்னு கேட்டுட்டுப் போனாங்க. பதிலோட திரும்பி வந்திருக்காங்க. அந்தச் சில பேர் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா, அவங்களை நாம ஏன் கத்த விடணும்?"

மயக்க மருந்து டாக்டர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். "சரி, எலும்பு வார்டுல ஆரம்பிச்சுப் பாப்போம்" என்றார்.

அப்படி ஆரம்பித்த மாதத்திலேயே ஒரு தையல்காரர் தோள்பட்டை ஆபரேஷனுக்கு வந்தார். பரிசோதனையில் இரண்டு பிரதியும் பழுது. பழைய முறையென்றால் வழக்கமான மாத்திரையே போயிருக்கும். இப்போது முதல் வேளையிலிருந்தே வேறு மருந்து. மறுநாள் அவள் கீழே இருப்புக் கொள்ளாமல் மாடியேறி வார்டுக்குப் போனாள். தையல்காரர் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரரோடு சேர்ந்து சுவரிலிருந்த டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் நகருங்க! கோல் போடப் போறான்!"

அவள் சட்டென்று ஒதுங்கினாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. தையல்காரர் நல்ல கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு, "சே, போச்சு, எல்லாம் போச்சு" என்று புலம்பினார். பக்கத்துக் கட்டில்காரர் அவரைவிடச் சத்தமாகப் புலம்பினார். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினாள். கால்மாட்டில் நின்றவள் யார், எதற்கு வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால்பந்தைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் ஆட்டம் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை.