நான்கு சக்கரமும் ஒரே சூடு

என் பழைய காரில் பிரேக்கைக் கம்பிகள்தான் இழுத்துப் பிடிக்கும். மிதித்தால் வண்டி இடப்பக்கம் பாயும். மூன்று மெக்கானிக்குகள் ஜாக்கியில் தூக்கி வைத்துக் கம்பிகளைத் திருகியும் சரியாகவில்லை.

குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போகும் வழியில், சேந்தமங்கலத்தில் லாரிகளுக்குப் பிரேக் பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். ஒல்லியான ஆள். புறங்கை முழுக்கச் சுட்ட தழும்பு.

“நாலு பேரும் ஏறி உக்காருங்க. பாரம் ஏறுனா கம்பி அளவு மாறிப் போகுமுங்க” என்று சொல்லி அடியில் படுத்துத் திருகினார்.

பிறகு, வண்டி பாயும் பக்கமான சாலையின் இடதோரத்திலேயே கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார். “ஓட்டிட்டு வந்து, ஸ்டியரிங்ல இருந்து கைய எடுத்துட்டு மிதிங்க சாமி.”

ஓட்டி ஓட்டி நாலைந்து முறை மிதித்தேன். நேராகவே நின்றது. அவர் ஒவ்வொரு சக்கரத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“நாலும் ஒரே சூடுங்க. நாலுலயும் பிரேக் ஒரே அளவாப் புடிக்குது.”

நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்குச் சுட்டது மட்டுமே தெரிந்தது.