அடையாளக் காசை எடுத்த கை

பான் கும்-ஓக் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடினால், பூமி எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கொரியாவின் ஹோங்சொன் மலையைப் படைத்தவன் அவளைக் கேட்டுத்தான் மேடு பள்ளம் போட்டிருக்கிறான். அவள் வைத்த பந்து குழிக்கு விலகிப் போனால், குழி வெட்கப்பட்டு நகர்ந்து வந்து வாங்கிக்கொள்ளும். இதில் பாதியாவது உண்மை.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோல்ஃப் மைதானத்தில் அவளுக்கு வேலை. தினமும் நான்கு விருந்தாளிகள், நான்கு பைகள், ஒரு வண்டி, எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். வண்டி ஓட்டுவாள், காட்டுக்குள் போன பந்தைத் தேடுவாள், குழியைச் சுற்றி மழித்த புல்லான குழித்திடலில் பந்து கிடக்கும் இடத்தில் அடையாளக் காசை வைத்துப் பந்தை எடுப்பாள். துண்டால் துடைத்து, பந்தில் வரைந்திருக்கும் கோடு குழியைப் பார்க்கும்படி திரும்ப வைத்துக் காசை எடுத்துக்கொள்வாள். விருந்தாளி வந்து தட்டினால் போதும். தட்டத் தெரியாதவர்கள்தான் அதிகம்.

"அக்கா, கோட்டைத் தப்பா வெச்சுட்டியே."

"கோடு நேராத்தான் இருக்கு முதலாளி. காலைல குடிச்ச சோஜுதான் கோணலா நிக்குது."

அந்தச் செப்டம்பரில் பெண்களின் பெரிய சாம்பியன்ஷிப் அவர்கள் மைதானத்துக்கே வந்தது. நான்கு நாள் ஆட்டம். மைதானத்தில் 'புரோ' என்று கூப்பிடப்படும் வீராங்கனைகள் தங்கள் பை சுமப்பவர்களைக் கையோடு கூட்டி வந்தார்கள். கும்-ஓக்குக்குக் கயிறு பிடித்துக் கூட்டத்தை நிறுத்தும் வேலை. சனிக்கிழமை காலை சே தா-வொன் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பையைத் தூக்கக் குனிந்த அவள் அப்பா அப்படியே நிமிராமல் நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. குனிந்தபடியே அவர், பக்கத்தில் கயிறு பிடித்து நின்ற கும்-ஓக்கைக் கைகாட்டினார். அவள் கயிற்றை விட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

தா-வொனுக்கு அது கடைசி வாய்ப்பு. ஜெயித்தால் மூன்று வருஷம் முதல் பிரிவில் ஆடலாம். இல்லையென்றால் அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அங்கே போனவர்கள் திரும்பி ஏறியது குறைவு.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. பந்தை நான் எடுத்தா நான்தான் வைக்கணும். நீங்க வெச்சு நான் அடிச்சா ஒரு அடி தண்டனை."

"தெரியும் புரோ. இந்தக் கைக்குத்தான் தெரியாது."

அதனால் ஒவ்வொரு குழித்திடலிலும் வலது கையில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள், அடிபட்டவளைப் போல. கயிற்றோரம் நின்ற தோழி ஹியாங்-மி விடவில்லை.

"என்னடி, கையை அடகு வெச்சுட்டியா?"

"கடிக்காம இருக்கக் கட்டிப் போட்டிருக்கேன். நீ கயித்தைப் புடி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தா-வொன் ஏறத் தொடங்கினாள். பன்னிரண்டாம் குழியில் ஒரு அடி மிச்சம், பதினான்காம் குழியில் ஒரு அடி மிச்சம். ரசிகர் கூட்டம் ஊதாத் தொப்பி போட்டுக்கொண்டு மலையேறி வந்தது. பதினாறில் தா-வொன் இடது ஓரத்தைக் காட்ட, கும்-ஓக் தலையை ஆட்டினாள்.

"இடது இல்ல புரோ. வலது. மழைத்தண்ணி அந்தப் பக்கம்தான் ஓடும், நான் பாத்திருக்கேன்."

பந்து வலது பக்கமாகப் போய், யோசித்து, உள்ளே விழுந்தது. மலையே கத்தியது.

பதினெட்டுக்கு வரும்போது தா-வொன் ஒரே ஒரு அடி முன்னிலையில் இருந்தாள். அவளுக்கு அடுத்தவள் ஆட்டத்தை முடித்துவிட்டு ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தா-வொனின் பந்து குழிக்கு ஒன்பது மீட்டர் தள்ளி. இரண்டு தட்டில் முடித்தால் கோப்பை. முதல் தட்டு குழியின் உதட்டைத் தொட்டு ஒரு மீட்டர் தாண்டி நின்றது. தா-வொன் காசை வைத்துப் பந்தை எடுத்து, துடைக்கக் கொடுத்தாள். கும்-ஓக் கையில் சுற்றிய துண்டைப் பிரித்தாள். துடைத்தாள்.

பிறகு நடந்ததைக் கைதான் செய்தது. குந்தினாள், ஒற்றைக் கண்ணை மூடினாள், கோட்டைக் குழிக்குத் திருப்பிப் பந்தை வைத்தாள், காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விலகினாள். சின்ன வயதிலிருந்தே மைதானத்து அக்காக்கள் வைத்துக் கொடுத்த பந்தை அடித்து வளர்ந்தவள் தா-வொன். அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலை அகட்டி நின்றாள். மட்டையைப் பந்துக்குப் பின்னால் ஊன்றினாள். மூவாயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள்.

கும்-ஓக்கின் விரலில் காசு தட்டுப்பட்டது.

"நில்லு புரோ. அடிக்காதே."

அந்த அமைதியில் அது பீங்கான் தட்டு உடைந்த மாதிரி கேட்டது. மட்டை பந்தைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றது. தா-வொன் முகம் வெளுத்துத் திரும்பினாள்.

"நான் வெச்சுட்டேன். உன் பந்தை நான் வெச்சுட்டேன்."

நடுவர் ஓடி வந்தார். கும்-ஓக் நடுவரின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் காலணியையே பார்த்தாள்.

"அடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்போ தண்டனை இல்ல. அதே இடத்துல காசை வெச்சு எடுங்க. நீங்களே வைங்க."

தா-வொன் காசுக்குக் கை நீட்டினாள். கும்-ஓக் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, கோடு சரியாத்தானே வெச்சிருந்தீங்க?"

"சரியாத்தான்."

"அப்போ நானும் அப்படியே வெக்கறேன்."

வைத்தாள். தட்டினாள். பந்து குழிக்குள் விழுந்த சத்தத்தை யாரும் கேட்டிருக்க முடியாது, அதற்குள் கூட்டம் கயிற்றைத் தாண்டிவிட்டது. தோழிகள் தா-வொனின் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டு வந்தார்.

கும்-ஓக்கைக் காணவில்லை. அவள் வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். விக்கல் வந்தது. விக்கல் நிற்பதற்காகச் சட்டைப் பையிலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்து, ஓட்டைச் சுவரிலேயே தட்டி உரித்து, உப்பில்லாமல் தின்றாள். அதன்பிறகுதான் கோப்பையோடு படம் எடுக்கப் போனாள்.

இதுவரை படித்துவிட்டுக் கும்-ஓக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இதை எழுதிய மகள் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா கொட்டகைக்குப் பின்னாடி கேமராவும் வரல, ஒரு ஆளும் வரல. நான் முட்டை தின்னதை யாருகிட்டயும் சொல்லவும் இல்ல."

"சும்மா, கற்பனைம்மா."

"உப்பில்லாமங்கறதுமா கற்பனை? அன்னைக்கு நீ கணக்கு டியூஷன்லதானே இருந்த?"