அண்ணன் காரின் ஸ்டியரிங்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நானும் உங்கள் கட்சிதான். ராயபுரத்தில், சர்ச் மணிக்கும் துறைமுகச் சங்குக்கும் நடுவில் ஐம்பது வயதைத் தொட்டவன், யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். எங்கள் பக்கம் ஆளைக் கொல்ல ஆவி எதற்கு, காற்றே போதும்.

என் அண்ணன் ஆரோக்கியம் மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். கடைசிக் காலத்தில் கை நடுங்க ஆரம்பித்தது, இடது கைதான் அதிகம், படபடவென்று உதறும், ஒரு கணம் நிற்கும், மறுபடி உதறும். சிந்திவிடும் என்று அண்ணி அவருக்கு எப்போதும் அரை கிளாஸ் டீதான் ஊற்றுவார். உதறல் மிஞ்சினால் தன் உள்ளங்கையை அந்தக் கைமேல் வைத்து, "இருய்யா" என்பார், அடங்கிவிடும். கம்பெனி டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் குடி என்று சொல்லிவிட்டார். ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷன். வேலை போனது, பிறகு அவரும் போனார்.

மிச்சம் ஒரு பழைய கார். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, ஆர்டிஓ ஆபீசில் ஓட்டிப் பார்த்து எஃப்சி கொடுத்தால் ஓடும், இல்லையென்றால் காயலான் கடை. "அவரு உக்காந்த சீட்டு தம்பி, அத்த மட்டும் உட்றாதே" என்றார் அண்ணி. வெளியே எடுத்தேன். எண்ணூர் ரோட்டில் ஸ்டியரிங் என் கையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல உதறியது. கன்டெய்னர் லாரி உழுத ரோடு, எங்கள் பக்கம் குலுங்காதது எது என்று முதலில் விட்டுவிட்டேன். நல்ல ரோட்டிலும் உதறியது.

தண்டையார்பேட்டை காதர் பாய் ஷெட்டில் விட்டேன். "இன்னா நைனா, வண்டி குத்து டான்ஸ் ஆடுது?" என்று ஆரம்பித்தவர் வீல் பேலன்ஸ் பார்த்தார், அலைன்மென்ட் பார்த்தார், முன் டயரைப் பின்னால் போட்டார், டை ராட் எண்டை மாற்றினார், பிரேக் டிஸ்க்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். உதறல் போகவில்லை. ஒரு இரும்புக்கு இவ்வளவு வைத்தியம், இதில் கால்வாசி என் அண்ணனுக்கு யாரும் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம், நம்பினால் நம்புங்கள், பட்டப்பகல். கார் ஜாக்கியில் நிற்கிறது, முன் சக்கரங்கள் அந்தரத்தில், எஞ்சின் ஆஃப். என்ன ஆச்சு என்று பார்க்க அண்ணியும் வந்திருந்தார். ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. படபடவென்று, இடது பக்கம் இழுத்து, ஒரு கணம் நின்று, மறுபடி.

பாய் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "சாவி என் ஜோப்புல கீது நைனா."

அண்ணி எங்களைத் தாண்டிப் போனார், ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்மேல் வைத்தார். "இருய்யா."

நின்றது.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு ஸ்பேர் பார்ட்சு நான் எங்க போய் வாங்குவேன்மா?"

எஃப்சிக்குப் போன அன்று அண்ணி பக்கத்து சீட்டில் இருந்து ஸ்டியரிங்மேல் ஒரு கை வைத்துக்கொண்டே வந்தார், வண்டி குழந்தைபோல வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர், "அந்தம்மா இறங்கட்டும், நான் ஓட்டிப் பார்க்கணும்" என்றார். அண்ணி இறங்கமாட்டேன் என்றார், கெஞ்சினார், காரணம் கேட்டால் என்னவென்று சொல்வார், கடைசியில் இறங்கினார். ஆர்டிஓ மைதானத்தை ஒரு சுற்றுகூட முடிக்காமல் வண்டியை நிறுத்திய இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னம்மா, வண்டி தண்ணி போட்டிருக்கா?"

அண்ணி முகம் போன போக்கை நான் எழுதமாட்டேன். மறுபடியும் அதே தீர்ப்பு, தொட்டுப் பார்த்தும்.

புளியந்தோப்பில் ஒரு காயலான் கடைக்காரர் காரை எடுத்துக்கொண்டார். ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி வாங்கி வந்து அண்ணி பீரோமேல் வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு பூசை முடிந்து போயிருந்தேன். எனக்கு முழு கிளாஸ் டீ. பீரோமேல், ஸ்டியரிங் பக்கத்தில் அரை கிளாஸ். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த டீ நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது. லாரி ஏதாவது போகிறதா என்று ஜன்னலைப் பார்த்தேன், சந்து காலி. உள்ளே அடுப்படியிலிருந்து அண்ணி குரல் வந்தது, "இருய்யா, வரேன்."

அடுப்படியிலிருந்து பார்த்தால் பீரோ தெரியாது. கிளாஸ் சத்தமும் போடவில்லை.

டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அரை கிளாஸ்தானே.