வெள்ளிக்கிழமை பூட்டிய சந்திரகிரிக் கோட்டை

திருப்பதிக்குப் போய் மலை ஏறாமல் வரப்போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் நகரியில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன மாதம் தறி மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியதில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. கோட்டை, தோட்டம், நல்ல காபி, அவ்வளவுதான் திட்டம். போட்டது நான். என் மனைவி வசந்தா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். இதுவும் சொதப்பினால் இனி எல்லாப் பயணமும் அவள் அண்ணன் வேனில், அவர் சொல்கிற இடத்துக்குத்தான். அவள் மேல் தப்பில்லை. வண்டலூருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிப் போய், மிருகக்காட்சிசாலையின் பூட்டிய கதவை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிய ஆள் நான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு பஸ் ஏறி, எட்டேகாலுக்குத் திருப்பதியில் இறங்கினோம். ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததுமே "கொண்டகா சார்?" என்று மலைப்பக்கம் கைகாட்டினார். இல்லை, சந்திரகிரி என்றேன். பதினைந்து கிலோமீட்டருக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.

கோட்டையின் கம்பிக்கதவில் பூட்டு தொங்கியது.

"இன்னைக்கு சுக்ரவாரம் சார், லீவு. மீரு வெளிய நின்னு போட்டோ எடுத்துக்கினு போவீங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

உள்ளே இருப்பது அருங்காட்சியகம், அதற்குத் திங்கள்தான் விடுமுறை என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். வசந்தா திட்டவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணனுக்குப் போட்டுடட்டுமா?"

நாளைக் காலை வரை தவணை கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சும்மா சொல்லவில்லை.

திருப்பதிக்குத் திரும்பி ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அறை எடுத்தோம். வெயில் தாழ்ந்ததும் அலிபிரிப் பக்கம் ஒரு பூங்காவில் உட்கார்ந்தோம். எதிரே மலைப்பாறை செம்மண் நிறத்திலிருந்து ஊதாவாக மாறும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காபிக்கடைக்குக் கூட்டிப் போனேன். நல்ல குளிர்ச்சி, மெத்தை நாற்காலி. நூற்று நாற்பது ரூபாய்க் குளிர்காபியைக் குடித்துவிட்டு, இதற்குப் பதில் நாலு நாள் பால் வாங்கலாம் என்றாள். ஆனாலும் டம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

சனிக்கிழமை, கதவு திறந்த ஒன்பது மணிக்கு முதல் இரண்டு டிக்கெட் எங்களுடையது. ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். புல்வெளியில் ஈரம் காயவில்லை. ராஜ மகாலுக்கு மூன்று மாடி. கல், செங்கல், சுண்ணாம்பு, அவ்வளவுதான், மரமே கிடையாது. மேலே தர்பார் கூடத்தில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. வளைவு வளைவாகத் தூண்கள், நடுவில் எங்கள் செருப்புச் சத்தம். வசந்தா ஒரு ஜன்னல் வளைவில் சாய்ந்து நின்றாள். வெளியே ராணி மகால், தோட்டம், அதற்கப்பால் குன்று. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் கிடக்கிறவள் முக்கால் மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் அண்ணனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள். அடுத்த வாரம் வேனில் பத்துப் பேரோடு திருப்பதி வருகிறாராம். அப்படியே கோட்டையையும் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்கு இன்னா தெரியும்ணா? பிளான் போடற ஆளு இவருதான், இவரையே கேளு."

போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

நீங்களும் போவதாயிருந்தால், மச்சானுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்பதுக்கே வாசலில் நில்லுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மேல்மாடியை அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்போ வெள்ளிக்கிழமை வந்துடறோம் மாப்ள" என்றார் அவள் அண்ணன்.

விவரம் தெரிந்தவன் எவனாவது வெள்ளிக்கிழமை கோட்டைக்கு வருவானா என்று ஓர் அதட்டு அதட்டினேன். வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.