சொர்ணவல்லியின் இரண்டு விரல்

சொர்ணவல்லியின் விரல்களைப் பற்றி இப்படியொரு சேதி எழுத வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்று மாதமாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. எழுதிவிட்டாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

நேமத்தான்பட்டியில் பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவள். கல்யாணம் ஆகும்வரை அப்பாவோடு உட்கார்ந்து மூக்குத்திக்குக் கல் பதித்தவள். பிறகு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை கிடைத்து இருபது வருடம் ஓடிவிட்டது. பசு வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அவளைத்தான் தேடும். கை அவ்வளவு ஒல்லி. ஒரு மாடு உதைத்து முன்பல் போனபோதுகூட, "பாவம், அதுக்கு என்ன வலியோ" என்று மாட்டுக்குப் பரிந்து பேசியவள்.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் குதிரை வண்டிப் பந்தயம் உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு குதிரை வாயெல்லாம் இரத்தத்தோடு ரோட்டிலேயே விழுந்து செத்தது. அதன் பிறகு விழாக் கமிட்டி ஒரு விதி போட்டது. குதிரையின் வாயை மூடிக் கட்டுகிற தோல்பட்டைக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாத குதிரை ஓடக் கூடாது. பட்டையை இறுக்கிவிட்டால் கடிவாள இரும்பு நாக்கை எவ்வளவு நசுக்கினாலும் குதிரையால் வாயைத் திறக்க முடியாது. சாரதி இழுத்த இழுப்புக்கு ஓடித்தான் ஆக வேண்டும். விரல் விட்டுப் பார்க்க இரண்டு பேரைப் போட்டார்கள். ஒருத்தி சொர்ணவல்லி. இன்னொருவன் நான், சத்தியமூர்த்தி, மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவன்.

வருடா வருடம் ஒரே கூத்துதான். அவள் முன்னால் குதிரைகள் வரிசை கட்டி நிற்கும். என் முன்னால் ஈ மொய்க்கும். "அக்கா கை ராசியான கை" என்பார்கள் சாரதிகள். அவளுக்குப் பூரிப்புத் தாங்காது. "என்னண்ணே, ஒங்ககிட்ட ஒரு கழுதகூட வரலையே" என்று எனக்குக் கிண்டல் வேறு. ஓட்டம் முடிந்து பட்டையை அவிழ்த்ததும் ஒவ்வொரு குதிரைக்கும் உள்ளங்கையில் அச்சுவெல்லம் வைத்து நீட்டுவாள். கதிரவன் என்கிற சாரதியின் செவலைக் குதிரை அவளைக் கண்டாலே கனைக்கும். அது வயிற்றுவலியில் புரண்டபோது இரண்டு நாள் கூடவே கிடந்து காப்பாற்றியவள் அவள்.

இந்த வருடம் பெரிய குதிரை ஓட்டத்தில் செவலைதான் முதலில் வந்தது. மாலை போட்டார்கள், வேட்டு வெடித்தார்கள். கதிரவன் பட்டையை அவிழ்த்தான். சொர்ணவல்லி வெல்லத்தை நீட்டினாள். செவலை வாயைத் திறந்தது. கட்டி கட்டியாக இரத்தம் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அட பாவிகளா. நாக்கு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, இரும்பு பதிந்த இடத்தில் பாதிக்குமேல் அறுந்து தொங்கியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாந்தானே பாத்தேன். ரெண்டு வெரலும் தாராளமாப் போச்சே," என்றாள். "நடுவுல இறுக்குனியா கதிரவா?"

"சத்தியமா இல்லக்கா. பட்டையில நீங்க பாத்த அதே ஓட்டையிலதான் மாட்டியிருக்கேன்." அவன் அழுதான்.

அவள் என்னை எழுப்பி, அடுத்து ஓட நின்ற ஒரு சின்னக் குதிரையிடம் இழுத்துப் போனாள். காலையில் அவளே சரி பார்த்து அனுப்பிய குதிரை. "ஒங்க வெரல விடுங்கண்ணே," என்றாள். விட்டேன். ஒரு விரலே முட்டிக்கொண்டு நின்றது.

பின்னாலேயே வந்த கதிரவன் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னான். "அண்ணன் வெரல் தடி. அவருகிட்டப் போனா பட்டைய ரெண்டு ஓட்டை தளத்தணும்க்கா. அதான் எல்லாரும் ஒங்ககிட்ட வாரோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். மொத வருசத்துலேருந்து."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமாண்ணே? தெரிஞ்சுமா சும்மா இருந்தீக?"

பொய் சொல்லியிருக்கலாம். முதல் வருடமே எனக்குச் சந்தேகம் வந்தது. சொன்னால் சாரதிகளோடு சண்டை, கமிட்டியோடு சண்டை. உட்கார நாற்காலி, நேரத்துக்கு டீ, நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். "லேசாத் தெரியும்" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

என் மணிக்கட்டைப் பிடித்து, காத்து நின்ற பதினொரு குதிரையிடமும் என் கையைக் கொண்டுபோய் வைத்தாள். ஒன்பதில் விரல் நுழையவில்லை. ஒன்பதையும் ஓட விடவில்லை. காதில் கேட்க முடியாத வார்த்தையெல்லாம் விழுந்தது. ஒருவன் சாட்டையை ஓங்கினான். "இந்தக் கைதான் எல்லாத்தையும் செஞ்சது, இதுலயே அடி" என்று நீட்டிக்கொண்டு நின்றாள். அவன்தான் கையை இறக்கினான்.

இப்போது சோதனைக்கு மரத்தில் ஓர் ஆப்பு இருக்கிறது. தச்சர் ஜெயகாந்தன் என் இரண்டு விரலை அளந்து செதுக்கிக் கொடுத்தது. யார் பிடித்தாலும் அதே அகலம். அவளிடம் இப்போது யாரும் ராசி என்று சொல்வதில்லை.

செவலை பிழைத்துவிட்டது, பாதி நாக்கோடு. சொர்ணவல்லி தினமும் விடிந்ததும் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போகிறாள். வாளியில் வைத்தால் குடிக்கிறது. உள்ளங்கையில் வெல்லத்தை நீட்டினால் கழுத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவள் அதைத் தரையில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறாள். அப்புறம்தான் அது குனிந்து எடுக்கிறது.