விரிசல் விடாத பசை யாருடையது

பெரியப்பாவின் பசைப் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பசை காய்ச்சும் கொப்பரையில் துடுப்பு போட்டுக் கிளறியவரைக் குடும்ப வரலாற்று ஏடு 'உதவியாள்' என்ற ஒரே சொல்லில் முடித்திருந்தது. புத்தகம் கட்டுபவர்கள் தேடி வந்து வாங்கிய விரிசல் விடாத பசைதான் பட்டறையைத் தூக்கி நிறுத்தியது. அதைப் பெரியப்பாவே கண்டுபிடித்தாராம். ஏட்டைத் திருத்தி எழுத உட்கார்ந்த எனக்கு இது இடித்தது. அந்தப் பசையின் முதல் கொப்பரை இறங்கிய நாளில் பெரியப்பா மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தார். அவர் அங்கிருந்து எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது.

துடுப்புக்காரரைத் தேடிப் போனேன். வீங்கிய முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக்கோங்க தம்பி. பாதிக் கொதியில நிறுத்தி, ஆறவிட்டு, மறுநாள் திரும்பக் காய்ச்சினேன். யோசிச்சுதான் செஞ்சேன். மொதலாளி வந்து பாத்துட்டு, 'நான் நெனச்ச மாதிரியே வந்திருக்கு'ன்னாரு. கண்ணை மூடுறதுக்குள்ள எனக்குன்னு ஒரு வரியாவது வரணும்."

கதை மிகவும் கச்சிதமாக இருந்தது. அதனாலேயே நம்பத் தயங்கினேன். வருகைப் பதிவேட்டில் அன்று அவர் வந்ததாகவே இருந்தது. ஆனால் எங்கள் பட்டறையில், வர இயலாதவர் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்புவார். வருகை வேலைக்காரர் பெயரிலேயே விழும்.

"அன்னிக்கு நீங்களேதான் வந்தீங்களா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். "நல்லாக் கேளுங்க! இவருக்குக் காய்ச்சல். கொப்பரை முன்னாடி வெந்தது நான்."

"நீ சும்மா இருடி."

"இத்தனை வருஷமா சும்மாதானே இருந்தேன்? விறகு ஈரம். அடுப்பு பாதியிலேயே அணைஞ்சுபோச்சு. திட்டு விழுமேன்னு காலையில யாரும் வர்றதுக்குள்ள திரும்ப மூட்டினேன். இதுல யோசனை எங்கேருந்து வந்துச்சு?"

அவர் முகம் சுருங்கியது. "சரி. மறுநாள் பசையை விரல்ல உருட்டிப் பாத்து, 'என்னடி பண்ணினே'ன்னு குடைஞ்சது யாரு? அதுக்கப்புறம் வேணும்னே பாதியில அணைச்சது யாரு?"

"அது நீங்கதான். அதையும் நான் இல்லேன்னு சொன்னேனா?"

ஈர விறகைப் பற்றி எந்த ஏட்டிலும் குறிப்பில்லை. ஆனால் தன் தவற்றை இவ்வளவு அலட்சியமாக ஒப்புக்கொள்பவரைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அங்கேயே எழுதி, படித்துக் காட்டினேன்.

"மொதல்ல இவளா?" என்றார் துடுப்புக்காரர்.

"ஆமா."

"நான்?"

"ரெண்டாவது வரி."

"மொதலாளி?"

"மூணாவது."

தாளை நோக்கிக் கை நீட்டினார்.

"மாத்திடமாட்டீங்களே?"

பென்சிலில் இல்லாமல் மையால்தான் எழுதியிருக்கிறேனா என்று தாளை வாங்கிப் பார்த்த பிறகே திருப்பித் தந்தார்.